ஒப்சே உட்கார்ந்து சாப்பிடாத ஆண்டுகள்

ரோபா செத்த பிறகும் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். அழைப்பு உணவகத்துக்குத்தான் வரும். பெர்கன் நகரில் துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் கல் பாவிய தெருவில் அந்த உணவகம் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சலவைக் கடை, மேல் மாடியில் ஒரு பல் மருத்துவர். வெளிப் பலகையில் எத்தியோப்பிய உணவகம் என்று எழுதியிருக்கும். தங்கள் இனத்தின் பெயரால் ஒரோமோ உணவகம் என்று எழுதத்தான் உரிமையாளர் மர்தாசா ஆசைப்பட்டார். கட்டடத்துக்காரர் அது ஜப்பான் சாப்பாடா என்று கேட்டார், பல் மருத்துவரும் அதையே கேட்டார், மர்தாசா விட்டுவிட்டார். உள்ளே பேச்சு, பாட்டு, வசவு எல்லாம் ஒரோமோ மொழியில்தான். மர்தாசா வார நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுவார். சமையல் முழுக்க அவர் மனைவி ஒப்சேயுடையது. இருவரும் எத்தியோப்பியாவில் கிம்பி ஊர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் பிறந்தவர்கள், அகதிகளாக நார்வேக்கு வந்தவர்கள். அவர்கள் குடும்பத்துக்கு அனுமதி வந்தபோது ஒரே மகன் ரோபாவுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. பதினெட்டு முடிந்தவன் குடும்பத்தில் சேர்த்தி இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவன் சித்தி வீட்டில் தங்கி, நில அளவைப் படிப்புப் படித்தான். மூன்றாம் ஆண்டில் ஒரு பிற்பகல், மாணவர்கள் கூடி நடந்த சாலையில் யாரோ சுட்டதில் செத்தான். சுட்டது யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சித்தி அவனைத் தன் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் புதைத்தாள்.

சித்தி அந்தச் செய்தியை ஒப்சேக்குச் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அப்படி. பெற்றவளுக்குச் சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்வது அவளைக் கொல்வதற்குச் சமம். முதலில் அவள் இருக்கும் ஊரில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் நாலு பேராகப் போய், அவளை உட்கார வைத்து, சாப்பிட வைத்து, வயிறு நிறைந்த பிறகு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசத் தொடங்கி, மெதுவாகச் செய்திக்கு வந்து சேர வேண்டும். வெறும் வயிற்றில் இருப்பவரிடம் சாவைச் சொல்லக் கூடாது. நின்றுகொண்டிருப்பவரிடமும் கூடாது. ஊரில் இதை விடியற்காலையில் செய்வார்கள். பெர்கனில் விடியற்காலையில் எல்லோருக்கும் வேலை இருப்பதால் மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆகவே சித்தி செய்தியை வக்டோலாவுக்கு அனுப்பினாள். வக்டோலா மீன் பதப்படுத்தும் ஆலையில் மேற்பார்வையாளர், எங்கள் சபையின் மூப்பர், பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ளவர். அவர் முதலில் பேருந்துப் பணிமனைக்குப் போய், மர்தாசா தன் ரொட்டியையும் அவித்த முட்டையையும் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்து, பிறகு சொன்னார். மர்தாசா ரொட்டி சுற்றிவந்த தாளை நாலாக, எட்டாக மடித்தார். “அவ சாப்பிட்டாளா?” என்று கேட்டார். “இன்னும் இல்ல. சாயங்காலம் நாங்க வர்றோம்” என்றார் வக்டோலா. மர்தாசா அன்று தன் மாலை நடையையும் ஓட்டி முடித்த பிறகுதான் அழுதார்.

அன்று சாதாரணச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் உணவகத்துக்கு மூன்று நான்கு நார்வேக்காரர்கள் வந்தாலே அதிகம். அன்று எங்கள் ஆட்கள் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒப்சே மகிழ்ந்துபோய், புளித்த மாவில் வார்த்த பெரிய பிதேனா அப்பங்களைத் தட்டுத் தட்டாக விரித்து, மேலே கோழிக்குழம்பும் பருப்பும் கீரையும் ஊற்றிக் கொண்டுவந்தாள். உட்கார், உட்கார் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுப்பில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவள் வந்து உட்காரும்வரை சும்மா இருக்க முடியாததால் வந்தவர்கள் சாப்பிட்டார்கள். கோழிக்குழம்பு தீர்ந்தது, பருப்பும் தீர்ந்தது. ஒப்சே சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தனக்கு ஒரு துண்டு அப்பத்தை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். நின்று தின்றது சாப்பாடு ஆகுமா என்று வாசலில் பெரியவர்களுக்குள் சிறிது நேரம் வாதம் நடந்தது. ஆகாது என்று முடிவு செய்து, நாளைக்கு வருவோம் என்று கலைந்தார்கள்.

மறுநாளும் வந்தார்கள். அந்த வாரம் முழுவதும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் உணவகத்தில் கூடி, காப்பிக் கொட்டை வறுபடும் புகை எழுந்த நேரத்தில், கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி அடித்தது. ஒப்சே எடுத்தாள். “ஏன்டா, போன வாரம் பேசவே இல்ல?” என்றாள். பிறகு சிரித்தாள். சித்தி வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், காப்பிச் செடி பூத்திருக்கிறதாம், ரோபா சொல்கிறான் என்று கருவியின் வாயைப் பொத்தாமலே எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். முப்பது பேரும் வாயில் வைத்ததை மெல்லாமல் இருந்தார்கள். வக்டோலா அன்று மாலையே சித்தியிடம் விசாரித்தார். கூரை ஒழுகுவது உண்மை. செடிகளில் ஒரு வரிசை மட்டும், பின்னால் இருக்கும் வரிசை, பருவம் தப்பிப் பூத்திருந்தது.

அவளுக்கு யாரும் சொல்லாததால் அவள் வரையில் அவன் சாகவில்லை, அதனால் பேசுகிறான் என்று சபையில் ஒருவர் விளக்கினார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. செய்தி சொல்லப்பட்டவர்கள் காதை வைத்தால் அவன் குரல் கேட்காது. மர்தாசா இரண்டாம் ஞாயிறு அவள் கையிலிருந்து வாங்கிக் கேட்டார். தூரத்தில் யாரோ நெல் புடைப்பது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதன் பிறகு அவர் வாங்கிக் கேட்கவில்லை. அழைப்பு வரும்போது ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசையைத் துடைப்பார். கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று அங்கிருந்து பார்க்கலாம்.

நகரத்தில் பழைய தொலைபேசிக் கம்பிகளை எல்லாம் பிடுங்கிவிட்ட ஆண்டு ஒரு பழுது பார்ப்பவர் வந்து உணவகத்தின் இணைப்பையும் துண்டித்துவிட்டுப் போனார். ஞாயிறு மாலை அது வழக்கம்போல அடித்தது. மறு ஞாயிறு மாலை, அது இன்னும் அடிக்கிறது என்று கேள்விப்பட்டு அதே ஆள் சந்தேகத்துடன் வந்து, கம்பி இல்லாத கருவியைக் காதில் வைத்தார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை, அதனால் அவருக்குக் கேட்டது. ஓர் இளைஞன் ஏதோ கேள்வி கேட்கிறான், பாஷை புரியவில்லை, மரியாதையான பையன் என்று சொல்லிவிட்டு, ஒப்சேயிடம் கொடுத்துவிட்டு, ஒரு கோழிக்குழம்பு சாப்பிட்டுப் போனார். அந்தக் கேள்வி என்ன என்பது எங்களுக்குத் தெரியும். ரோபா ஒவ்வொரு வாரமும் கடைசியில் அதைக் கேட்பான். “சாப்பிட்டியாம்மா?” ஒப்சே, “சாப்பிட்டேன்டா, சாப்பிட்டேன்” என்று பொய் சொல்லுவாள்.

அவளை உட்கார வைத்துச் சாப்பிட வைக்க எங்கள் ஆட்கள் செய்யாத வேலை இல்லை. கல்யாணங்களுக்கு அழைத்தார்கள். அவள் தன் சட்டிகளோடு வந்து பரிமாறினாள். வக்டோலாவின் அறுபதாம் பிறந்த நாளுக்கு அவளுக்கென்று தனி நாற்காலி போட்டு, நடுவில் குழி வெட்டி மசாலா நெய் ஊற்றிய களியை முன்னால் வைத்தார்கள். அவள் நெய்யில் முதல் கவளத்தைத் தோய்த்து வக்டோலாவின் வாயில் ஊட்டிவிட்டு, பிறந்த நாள்காரர் சாப்பிடட்டும் என்று எழுந்துபோனாள். பெண்கள் அவள் வாயருகே கவளம் கொண்டுபோனால் அதைக் கையில் வாங்கி, அடுத்தவள் வாயில் வைத்துவிடுவாள். “உனக்கு என்ன காலு மரமா போச்சா? உக்காரேன்டி” என்று அவள் தோழி ஜீத்து ஒரு நாள் கத்தியே விட்டாள். “உக்காந்தா உன்னை மாதிரி உடம்பு போடும். வேண்டாம்மா தாயே” என்றாள் ஒப்சே. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, இன்னொரு தட்டு சொன்னார்கள்.

இப்படியே உணவகம் செழித்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். செய்தி சொல்ல வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், மறுபடி வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து நார்வேக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்துச் சுவரை இடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. “கெலெட்டா தாத்தா வந்திருக்காராம். ரோபா கூடத்தான் இருக்காராம். கால் வீக்கம் வத்திடுச்சாம்” என்று ஒரு ஞாயிறு ஒப்சே காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள். கெலெட்டா அவர்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் கிழவர். அவர் செத்த செய்தி பெர்கனுக்கு அடுத்த வியாழக்கிழமைதான் வந்தது. அதிலிருந்து ஊரில் நோயாளி உள்ளவர்கள் எல்லாம் ஞாயிறு மாலை கல்லாவுக்கு அருகில் இடம் பிடித்தார்கள். ரோபா இன்று யார் பெயரைச் சொன்னான் என்பது காப்பியோடு சேர்ந்து வந்துவிடும். தன் ஆள் பெயர் வராதவர்கள் தாராளமாகச் சாப்பிட்டார்கள்.

நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ, சரியாகத் தெரியவில்லை, ஒப்சே சொல்வது குறைந்தது. அழைப்பு முடிந்ததும் பேசாமல் உள்ளே போனாள். கேட்டால், அவனுக்குச் சளி என்றாள், தூக்கக் கலக்கம் என்றாள். அவள் பேசும் பக்கம் மட்டும் எங்களுக்குக் கேட்கும். அதிலிருந்தே நிலைமை புரிந்தது. முதலில் அவன் வீட்டு எருதின் பெயரை மறந்தான். “குராச்சாடா, நெத்தியில வெள்ளை இருக்குமே” என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை மறந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பாலம், சபைக் கட்டடம், கொய்யா மரம் என்று ஒவ்வொன்றாக நடத்திக் கூட்டிப்போனாள். அடுத்த வாரம் பாலமும் போய்விட்டது. சாக விடாமல் பிடித்து வைத்தவன் பழந்துணி மாதிரி நைந்துபோகிறான் என்று ஜீத்து சொன்னாள். வேலையை முடித்தவனை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார் வக்டோலா. இருவரும் சொன்னார்களே தவிர, ஒப்சேயிடம் போய்ச் சொல்லவில்லை. அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

வசந்தம் தொடங்கிய ஒரு ஞாயிறு. மர்தாசா வழக்கம்போலப் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒப்சே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினாள். தாழ்த்தியும் கேட்டது.

“அப்பா பேரா? மர்தாசாடா. மர்... தா... சா. உன் பேருக்குப் பின்னாடி வர்ற பேருடா அது, கண்ணு. ரோபா மர்தாசா. எங்க, சொல்லு பார்ப்போம்.”

மர்தாசா துணியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மழையில் நின்றார். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தான் இரண்டாம் பெயர். அதை மறந்தவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே பெயர். அதற்கு அடுத்ததாக மறப்பதற்கு அம்மாதான் இருந்தாள். அந்த வாரம் முழுவதும் கணவனும் மனைவியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவள் அப்பங்கள் அந்த வாரம் தடித்துப்போய் வந்தன என்பது மட்டும் தெரியும்.

அடுத்த ஞாயிறு உணவகம் நிறைந்திருந்தது. ஒப்சே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நாற்காலி முதுகில் போட்டாள். வக்டோலா, ஜீத்து, இன்னும் நாலைந்து பேர் இருந்த வட்ட மேசையில், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பேச்சுச் சத்தம் மேசை மேசையாக அடங்கியது. “எனக்குப் பசிக்குது” என்றாள் ஒப்சே.

அவளே தட்டில் தன் பக்கத்தில் ஒரு துண்டு அப்பத்தைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். முகம் சுளித்தாள்.

“உப்பே இல்ல. இத்தனை வருஷமா இதையா தின்னுட்டுப் போனீங்க? உப்பு கம்மின்னு சொல்லக்கூட உங்களுக்கு வாய் வரலையா?”

“வரலம்மா” என்றார் வக்டோலா.

“இன்னும் கொடுங்க.”

வக்டோலா ஒரு கவளம் உருட்டி ஊட்டினார். அதில் பாதி அவள் மடியில் விழுந்தது. “பெரிய மனுஷனுக்கு ஊட்டத் தெரியுதா பாரு” என்று சொல்லிக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள். ஜீத்து ஊட்டினாள். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து வரிசையாக வந்து ஆளுக்கொரு கவளம் ஊட்டினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு நார்வேத் தம்பதியும் ஏதோ விழா என்று எண்ணி வரிசையில் வந்து, முள்கரண்டியால் ஊட்டிவிட்டுப் போனார்கள். மர்தாசா கடைசியாக வந்தார். அவர் ஊட்டிய கவளத்தை அவள் வெகுநேரம் மென்றாள்.

“எனக்கு அந்தச் செவ்வாக்கிழமையே தெரியும். அதுக்கு முதல் நாள் வரைக்கும் ரோபாம்மா, ரோபாம்மான்னு கூப்பிட்டீங்க. அன்னைக்கு முப்பது பேரு வந்தீங்க, முப்பது பேரும் ஒப்சே, ஒப்சேன்னீங்க. ரோபா பிறந்ததுலேர்ந்து என் பேரை நானே மறந்திருந்தேன். திடீர்னு எல்லாருக்கும் எப்படி ஞாபகம் வரும்?”

எங்கள் பக்கம் ஒரு பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். செத்தவன் பெயரை அவள் முன்னால் உச்சரிக்க எங்களுக்கு நாக்கு எழவில்லை. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை அது. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்த ஒரே தவறு. அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெரிவது வேறு, சொல்லப்படுவது வேறு. சொல்லப்படாமல் இருக்க அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், உட்கார்ந்து சாப்பிடாமல் இருப்பது. அதை அவள் செய்தாள்.

அப்போது தொலைபேசி அடித்தது. வக்டோலா பேசத் தொடங்கியிருந்தார், ஊரில் மழை சரியாகப் பெய்ததாம் என்பது வரை வந்திருந்தார். ஒப்சே கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு எழுந்து போனாள். அன்று அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஆமாடா. நான் உன் அம்மாதான்” என்றாள். பிறகு, “சாப்பிட்டேன். நிஜமா சாப்பிட்டேன். உக்காந்து, எல்லார் கையாலயும் சாப்பிட்டேன்” என்றாள். மறுபக்கம் அவன் என்ன சொன்னான் என்று அவளிடம் பின்னால் கேட்டார்கள். “சரிம்மா” என்று மட்டும் சொன்னானாம். அவள் கருவியை மர்தாசாவிடம் நீட்டினாள். அவர் அந்த நெல் புடைக்கும் சத்தத்தை, அது குறைந்து குறைந்து நிற்கும் வரை, இரண்டு கையாலும் பிடித்துக் கேட்டார். மாட்டிவிட்டு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். “இப்பச் சொல்லுங்க” என்றாள் ஒப்சே.

வக்டோலா மழையிலிருந்து மறுபடி தொடங்கினார். மாட்டைச் சொன்னார், காப்பி விலையைச் சொன்னார், சித்தியின் உடல்நிலையைச் சொன்னார், பிறகு சொன்னார். ஆறு ஆண்டுகள் பிந்திய அழுகை என்பதால் அது பெரிதாக இருந்தது. சலவைக் கடையில் துணிகள் தாமாகவே நனைந்தன. பல் மருத்துவர் கீழே இறங்கி வந்து கதவருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். துக்கம் காக்கும் நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் நாங்கள் சமைத்துக் கொண்டுபோனோம். நார்வேக்காரர்கள் மீன் சூப் கொண்டுவந்தார்கள். ஒப்சே எல்லாவற்றையும் உட்கார்ந்து சாப்பிட்டாள், இதில் உப்பு அதிகம், அதில் புளிப்பு இல்லை என்று குறை சொன்னாள். பிறகு உணவகம் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பாதியானது. இடித்த சுவரை மறுபடி கட்டிப் பக்கத்து அறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். தொலைபேசி அடிக்கவில்லை. எங்களில் பலர் அவளைப் பழையபடி ரோபாம்மா என்று கூப்பிட்டோம், அவள் திரும்பிப் பார்த்தாள்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் வக்டோலாவுக்கு இன்னொரு செய்தி வந்தது. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் குலானி என்ற பெண்ணின் அம்மா நாலு நாளைக்கு முன் ஊரில் நெஞ்சு நோயால் செத்துப்போயிருந்தார். குலானிக்கு இங்கே வேறு யாரும் இல்லை. வக்டோலா உணவகத்தில் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது, யார் யாரைக் கூப்பிடுவது என்று ஒப்சேயிடம் பேசிக்கொண்டிருந்தபோது குலானியே வேலைக்குப் போகும் வழியில் உள்ளே வந்தாள். சீருடைமேல் மழைச்சட்டை போட்டிருந்தாள், முகம் மலர்ந்திருந்தது.

“ரோபாம்மா, நேத்து எங்க அம்மா பேசுனாங்க. குரல் எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா? அந்த இருமல் சுத்தமா நின்னுபோச்சு.”

“அப்படியா” என்றாள் ஒப்சே.

“நல்ல பசி. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. ஒரு தட்டு கொடுங்க.”

வக்டோலா பக்கத்து நாற்காலியின் முதுகில் கையை வைத்து மெல்ல இழுத்தார். ஒப்சே அவரைப் பார்த்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் உள்ளே போய் அப்பத்தைச் சுருட்டி, பருப்பையும் கீரையையும் ஒரு டப்பாவில் அடைத்து, பையில் போட்டுக் கொண்டுவந்து, உட்காரப் போனவளின் கையில் திணித்தாள்.

“பஸ் முன்னாடியே வந்துரும்டி. போற வழியில சாப்பிடு. போ, போ.”

“என்னை விரட்டுறதுலயே குறியா இருங்க” என்று சிரித்துவிட்டு குலானி தெருவில் இறங்கிப்போனாள். எவ்வளவு நாளைக்கு என்று வக்டோலா கேட்டார். அம்மா நன்றாகப் பேசுகிற வரைக்கும் பேசட்டும் என்று சொல்லிவிட்டு, ஒப்சே அவர் சாப்பிட்டு முடித்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குலானியின் அம்மா இப்போது வாரத்தில் இரண்டு நாள் பேசுகிறார்.